வீட்டுக்கு எலிப்டிகல்: கடையில் ஏறி மிதித்துப் பார்த்தவை

கிராஸ் டிரெய்னர் என்றும் எலிப்டிகல் என்றும் விற்கப்படும், நின்றபடி இரண்டு பெடல்களை நீள்வட்டப் பாதையில் மிதிக்கும் இந்தக் கருவியைத் தேடி வருபவர்களில் பலர், முழங்காலுக்குப் பயந்து டிரெட்மில்லை ஒதுக்கிவிட்டு வருபவர்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் வந்து இறங்குகிறது. எலிப்டிகலில் பாதம் பெடலை விட்டு எழுவதே இல்லையாதலால் அந்த அதிர்ச்சி கிடையாது. ஆனால், கருவியின் பெடல் செல்லும் பாதை நம் கால் இயல்பாகச் செல்லும் பாதையோடு ஒத்துப்போனால்தான் முழங்காலுக்கு இந்த நன்மை முழுதாகக் கிடைக்கும். எங்கள் வீட்டுக்கு ஒன்று வாங்குவதற்காகப் பல கடைகளில் ஏறி மிதித்துப் பார்த்ததில், விலைப்பட்டியலில் கொட்டை எழுத்தில் இருக்கும் அம்சங்களுக்கும் இந்தப் பொருத்தத்துக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை என்பது தெரிந்தது.

முதலில் பார்க்க வேண்டியது காலடி வீச்சு, அதாவது விவரப்பட்டியலில் ஸ்டிரைடு என்று போட்டிருக்கும் அளவு. அமெரிக்காவின் பிரீகோர் நிறுவனம் 1990களின் நடுவில் இந்த வகைக் கருவியை உடற்பயிற்சிக் கூடங்களுக்கு அறிமுகப்படுத்தியபோது, அது நீளமான, கனமான, பின்னால் சுழல்சக்கரம் (ஃபிளைவீல்) கொண்ட இயந்திரமாக இருந்தது. வீட்டுக்கென்று விலையையும் நீளத்தையும் குறைத்தபோது முதலில் வெட்டுப்பட்டது இந்த வீச்சுதான். ஐந்தேகால் அடிக்குக் குறைவான உயரமுள்ளவருக்கு 14 முதல் 16 அங்குலமும், ஐந்தரை அடியை ஒட்டியவருக்கு 16 முதல் 18 அங்குலமும், அதற்கு மேல் உயரமானவருக்கு 18 முதல் 20 அங்குலமும் ஏறக்குறையப் பொருந்தும். வீச்சு குறைந்தால் நடை குறுகி, முழங்கால் மடங்கி மடங்கி, படியேறுவதுபோல் ஆகிவிடுகிறது. குள்ளமானவருக்கு மிக நீண்ட வீச்சும் நல்லதல்ல, இடுப்பு இரு பக்கமும் இழுபடும். வீட்டில் பலர் பயன்படுத்துவதாக இருந்தால், வாரத்தில் அதிக நாள் ஏறப்போகிறவரின் உயரத்தையே கணக்கில் கொள்வது நல்லது. விவரப்பட்டியலின் எண்ணை அப்படியே நம்ப வேண்டியதும் இல்லை. இரண்டு பெடல்களும் மிகத் தள்ளி நிற்கும் நிலையில் நிறுத்தி, முன் பெடலின் முன்விளிம்பிலிருந்து பின் பெடலின் முன்விளிம்பு வரை டேப் வைத்து அளந்தால் உண்மை தெரிந்துவிடும். விற்பனையாளர் சற்று விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், இணையத்தில் 10,000 முதல் 20,000 ரூபாய் வரை அதிகம் விற்கும் இருக்கை வைத்த ‘டூ இன் ஒன்’ வகை தேறுவதில்லை. எலிப்டிகலும் சைக்கிளும் ஒன்றிலேயே கிடைக்கிறது என்பதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் சைக்கிளுக்கு ஏற்ற சிறிய கிராங்க், அதாவது பெடலின் சுற்றை அமைக்கும் தண்டு, எலிப்டிகலுக்குப் போதாது, எலிப்டிகலுக்கு ஏற்ற பெரிய கிராங்க் சைக்கிளுக்கு ஒவ்வாது. இரண்டையும் சேர்க்கப்போய், நான் மிதித்துப் பார்த்தவற்றில் வீச்சு 11, 12 அங்குலத்தில் நின்றுவிட்டது. பாதை நீள்வட்டமாக இல்லாமல் ஏறத்தாழ வட்டமாகவே இருந்தது. மொத்தக் கருவியின் எடையே 25, 30 கிலோ அளவில் இருப்பதால், 80 கிலோ எடையுள்ள ஒருவர் வேகமெடுத்தால் அடிச்சட்டம் தரையில் ஆடுகிறது. வயதானவர்கள் உட்கார்ந்தபடி மெதுவாகக் கால் சுழற்றுவதற்கு இது போதும் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு நல்ல சைக்கிளே வாங்கலாம், விலையும் குறைவு, ஏறி இறங்குவதும் பத்திரம். உட்கார்ந்து மிதிக்கும்போது கைப்பிடியும் முன்னும் பின்னும் அசையும் ஏர் பைக்கையும் சில கடைகளில் இதே வரிசையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது வேறு கருவி.

அடுத்தது, பலர் வீட்டில் பொருத்திய பிறகே கவனிக்கும் விஷயம்: தலைக்கு மேல் உள்ள இடம். பெடல் மேலே வரும்போது தரையிலிருந்து 12 முதல் 15 அங்குலம் உயரத்தில் இருக்கக்கூடும். 5 அடி 9 அங்குலம் உயரமுள்ளவர் 15 அங்குலம் மேலே எழும்பினால் அவர் உச்சந்தலை சரியாக 7 அடியில் நிற்கும். நம் படுக்கையறைகளில் கதவுக்கு மேல்மட்டத்தில் போடப்படும் லாஃப்டின் அடிப்பாகமும் ஏறக்குறைய அதே 7 அடிதான். அறையின் மூலை காலியாக இருக்கிறதே என்று லாஃப்டுக்குக் கீழே இதை வைக்க நினைப்பவர்கள் வாங்குவதற்கு முன்பே டேப்பைக் கையில் எடுக்க வேண்டும். கூடத்தில் வைப்பதானால் மின்விசிறி இறக்கையின் உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீளத்தில் கருவிக்கு ஐந்து முதல் ஏழு அடியும், ஏறி இறங்கப் பின்னாலோ பக்கவாட்டிலோ இரண்டடியும் தேவை.

சக்கரம் முன்னால் இருக்கும் வகை, பின்னால் இருக்கும் வகை என்ற பிரிவு கடைக்காரர்கள் காட்டும் அளவுக்குப் பெரிய வேற்றுமை அல்ல என்பது என் கருத்து. முன்சக்கர வகையில் பெடல் தண்டுகளின் பின்முனை உருளைகளில் ஊன்றித் தடத்தின்மேல் ஓடுகிறது. தடத்தில் தூசியும் வியர்வையும் படிந்தால் கரகரவென்ற சத்தம் வரும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், உருளைகள் தேய்ந்தால் மாற்ற வேண்டும். பின்சக்கர வகையில் அந்தத் தொல்லை குறைவு, நீள்வட்டமும் தட்டையாக, நடையை ஒத்திருக்கும். ஆனால் நீளமும் விலையும் கூடுதல். சக்கரங்கள் பக்கவாட்டில் அமையும் நடுச்சக்கர வகை இடத்தை மிச்சப்படுத்தினாலும் விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. இவற்றையெல்லாம்விட இரண்டு பெடல்களுக்கும் இடையிலுள்ள அகலம் முக்கியமானது. அது அதிகமாக இருந்தால் கால்களை அகட்டி வைத்து மிதிக்க நேர்கிறது; கால் மணி நேரத்தில் இடுப்பின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கிவிடும். விவரப்பட்டியலில் இந்த அளவு அரிதாகவே இருக்கும். ஏறி நின்றுதான் உணர முடியும்.

ஃபிளைவீலின் எடை பற்றிய விளம்பரத்தைச் சற்று ஐயத்தோடு படிக்க வேண்டும். சுழலும் சக்கரத்தில் சேமிக்கப்படும் ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், பெல்ட்டும் புல்லியும் நன்கு அமைந்து வேகமாகச் சுழலும் 6 கிலோ சக்கரம், மெதுவாகச் சுழலும் 10 கிலோ சக்கரத்தைவிடச் சீராக ஓடக்கூடும். எனவே எண்ணை விட்டுவிட்டு, மிக மெதுவாக மிதித்துப் பார்ப்பதே சரியான சோதனை. பெடல் மேலும் கீழும் திரும்பும் இடங்களில் தடைபட்டு, நாம் உந்தித் தள்ள வேண்டியிருந்தால் அந்தக் கருவி வேண்டாம். வீட்டுக் கருவிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் காந்தத் தடைதான். சுழலும் உலோகத்தின் அருகே காந்தம் நெருங்கும்போது உண்டாகும் சுழல் மின்னோட்டம் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கிறது, எதுவும் எதையும் உரசுவதில்லை, அதனால் தேய்மானமும் இல்லை. இந்த இழுவை வேகத்தோடு சேர்ந்து கூடுவது என்பதால், மலிவான கருவியில் தடையை உச்சமான 8ஆம் நிலையில் வைத்து மெதுவாக மிதித்தால் ஒரு பாரமும் தெரியாது. உச்ச நிலையில், பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில் மிதிக்கும்போதும் தொடைக்கு வேலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குமிழைத் திருகித் தடையைக் கூட்டும் கருவிகளில் திரைக்கு மட்டும் சிறு பேட்டரிகள் போதுமாதலால் மின்வெட்டு நேரத்திலும் பயிற்சி தடைபடாது. பொத்தானை அழுத்தினால் மோட்டார் மூலம் தடை மாறும் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் வேண்டும்.

திரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் கலோரிக் கணக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மிதமான வேகத்தில் எலிப்டிகல் மிதிப்பதற்கு உடற்பயிற்சி ஆய்வாளர்களின் அட்டவணை தரும் மதிப்பு ஏறக்குறைய 5 மெட். ஒரு மெட் என்பது ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு கலோரி என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரத்தில் செலவிடுவது 150 கலோரி. எடையையே கேட்காத மலிவான திரைகள் இதே நேரத்துக்கு இதைவிட எவ்வளவோ கூடுதலாகக் காட்டுகின்றன. அதை நம்பி மாலையில் இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டால் கணக்கு நேராகாது. சர்வதேசத் தர விதிப்படி கருவியில் ஒட்டியிருக்கும் வில்லையில் எச் என்ற எழுத்து வீட்டு உபயோகத்தையும், அதை ஒட்டி வரும் ஏ, பி, சி துல்லியத்தின் தரத்தையும் குறிக்கின்றன. சி என்றிருந்தால் திரையின் எண்களை நேற்றைய பயிற்சியோடு இன்றையதை ஒப்பிட மட்டுமே பயன்படுத்தலாம்.

20 அங்குல வீச்சு எப்படி இருக்கும் என்பதை உணர, சோல் ஈ25, ஷ்வின் 430 போன்ற கருவிகளில் ஒருமுறையாவது ஏறிப் பார்ப்பது பயன் தரும். இரண்டும் முன்சக்கர வகை, இரண்டிலும் 20 அங்குல வீச்சும் 20 தடை நிலைகளும் உண்டு. வாங்காவிட்டாலும், மற்றவற்றை அளப்பதற்கு ஓர் உரைகல் கிடைத்துவிடும். ஆனால் வெளிநாட்டுப் பெயர் என்பதற்காக மட்டும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஷ்வின் பெயரில் உடற்பயிற்சிக் கருவிகளை விற்றுவந்த போஃப்ளெக்ஸ் நிறுவனம் 2024 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரி, தைவானின் ஜான்சன் ஹெல்த் டெக் குழுமத்தின் கைக்குப் போனது. பெயர்ப்பலகை எதுவானாலும், நம் ஊரில் உருளையும் பெல்ட்டும் இருப்பில் வைத்திருப்பவர் யார், பழுதென்றால் வீட்டுக்கு வருபவர் யார் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குவது நலம். அடுக்ககச் சங்கங்களுக்கு ஒரு குறிப்பு: வீட்டு உபயோகக் கருவியைப் பொது உடற்பயிற்சி அறையில் வைத்தால் உத்தரவாதம் செல்லாது என்று பெரும்பாலான உத்தரவாத அட்டைகளிலேயே அச்சிட்டிருக்கிறது.

இறுதியில் நாங்கள் தேர்ந்தெடுத்தது 18 அங்குல வீச்சுள்ள, குமிழ் திருகும் முன்சக்கரக் கருவி. அகலம் குறைந்த பெடல்கள், திரை மிகச் சாதாரணம். இருவகைக் குறைகள் தெரிகின்றன. முதலாவது, பாதம் அசையாமல் ஒரே இடத்தில் அழுந்துவதால் இருபது நிமிடத்துக்கு மேல் விரல்கள் மரத்துப்போகின்றன; காலணியின் நாடாவைத் தளர்த்தி, எடையைக் குதிகாலுக்கு மாற்றி, இடையிடையே பின்னோக்கி மிதித்தால் இது பெருமளவு குறைகிறது. இரண்டாவது, பெடலை நிறுத்த நினைத்தாலும் சக்கரத்தின் வேகம் தீரும்வரை அது சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் பெடலுக்கும் தடத்துக்கும் இடையில் விரல் மாட்டும் ஆபத்து இருக்கிறது, துப்பட்டாவும் நைட்டியின் விளிம்பும் மூட்டுகளில் சிக்கக்கூடும். கீழே இருக்கும் பெடலில்தான் முதலில் கால் வைத்து ஏற வேண்டும். இறங்குவதும் அது முழுதாக நின்ற பிறகுதான். மாதம் ஒருமுறை போல்ட்டுகளை இறுக்கி, மூட்டுகளில் கிரீஸ் தடவி, வியர்வை படிந்த இடங்களைத் துடைத்து வைத்தால் சத்தம் எழுவதில்லை. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் மாதம் ஒருமுறை போதாது.