ஸ்கீ வாடகைக் கடையில் கையெழுத்துப் போடும் முன்பு இதைப் படித்துவிடுங்கள்

போன மாதம் குடும்பத்தோடு பனிச்சறுக்கு விடுமுறைக்குப் போயிருந்தோம். நான், மனைவி, பன்னிரண்டு வயது மகள், எட்டு வயது மகன். திரும்பி வரும்போது மனைவி விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வந்தார். வலது முட்டியின் உள்பக்க லிகமென்ட் கிழிந்திருக்கிறது. விழுந்தது பெரிய மலைச்சரிவில் இல்லை, புதிதாகப் பழகுகிறவர்களுக்கான, கிட்டத்தட்ட சமதளமான இடத்தில்தான். நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போயிருப்பார், அவ்வளவுதான்.

"ஸ்கீன்னா விழத்தானே செய்யும்" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அன்று மதியம் ஸ்கீயைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் வேறு என்று புரிந்தது.

கடையின் பெயரை எழுதவில்லை. பணத் தகராறு இன்னும் முடியவில்லை. அதோடு, பெயரைச் சொன்னால் அந்த ஒரு கடையைத் தவிர்த்துவிட்டு நிம்மதியாக அடுத்த கடைக்குப் போவீர்கள். எங்களுக்கு நடந்தது கூட்டமான காலை நேரத்தில் எந்தக் கடையிலும் நடக்கலாம்.

ஆன்லைனில் முன்பதிவு செய்தபோது நால்வரின் வயது, உயரம், எடை, பாத அளவு எல்லாவற்றையும் நிரப்பியிருந்தேன். பத்து மணிக்கு வகுப்பு. ஒன்பதேகாலுக்குக் கடைக்குப் போனால் வாசல் வரை வரிசை. எங்கள் முறை வந்தபோது கவுண்டரில் இருந்த பையன் எதையும் கேட்கவில்லை. "எல்லாம் சிஸ்டத்தில் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து பூட்ஸை இறக்கினான். கால் அளவைக்கூட எடுக்கவில்லை. போட்டுப் பார்த்தோம், எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தது. அந்தச் சௌகரியமே தப்பு என்று அப்போது தெரியாது. பிறகு நான்கு ஜோடி ஸ்கீயை மேசையில் வைத்து, பூட்ஸை அதில் மாட்டி, பின்பக்கத்தைக் கொஞ்சம் நகர்த்தி, டக் டக்கென்று அழுத்தினான். ஸ்க்ரூடிரைவரை எடுத்தது என் ஜோடிக்கு மட்டும். மற்றவை ஏற்கெனவே 'செட்' ஆகியிருக்கிறதாம். ஒரு தாளை நீட்டி, கீழே பெருக்கல் குறி போட்ட இடத்தைக் காட்டினான். மகன் ஒரு பக்கம் இழுக்கிறான், வகுப்புக்கு இருபது நிமிடம்தான் இருக்கிறது, பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. நால்வருக்கும் சேர்த்து நானே கையெழுத்துப் போட்டேன்.

நான் ஏமாந்தது அந்த நிமிடத்தில்தான். அது தெரியவந்தது மூன்றாம் நாளில்.

ஸ்கீயில் பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும் அமைப்புக்குப் பெயர் பைண்டிங். பிடித்திருப்பது அதன் பாதி வேலை. விழும்போது சரியான நேரத்தில் காலை விட்டுவிடுவது மீதிப் பாதி. கால் திருகினால் முன்பக்கம் திறக்க வேண்டும், முன்னால் குப்புற விழுந்தால் பின்பக்கம் திறக்க வேண்டும். எவ்வளவு விசைக்குத் திறப்பது என்பதை ஒரு ஸ்க்ரூவைத் திருப்பி வைக்கிறார்கள். பக்கத்திலேயே நகத்தளவு ஜன்னலில் அந்த எண் தெரியும். டின் எண் என்பார்கள். எண் கூடக்கூட, கழல அதிக விசை வேண்டும். ஒரு ஜோடிக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு ஜன்னல்கள்.

அந்த எண்ணைக் குத்துமதிப்பாக வைக்கக் கூடாது. ஐ.எஸ்.ஓ. 11088 என்று சர்வதேசத் தரமே இருக்கிறது. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பகுதியின் நீளம் மில்லிமீட்டரில், இவற்றோடு ஓட்டுபவரின் வகை என்று ஐந்து விஷயங்களைப் பார்த்து அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டும். வகை 1 என்றால் மெதுவாக, ஜாக்கிரதையாக ஓட்டுகிறவர். வகை 3 என்றால் செங்குத்தான சரிவில் வேகமாக இறங்குகிறவர். பத்து வயதுக்குக் கீழே இருந்தாலும், ஐம்பதும் அதற்கு மேலும் ஆனாலும் எண்ணை இன்னும் ஒரு படி குறைக்க வேண்டும். அட்டவணைப்படி என் மனைவிக்கு 3ஐ ஒட்டித்தான் வரும். முதல் தடவை ஸ்கீ போடுகிறவர், எடையும் அதிகம் இல்லை.

அவருடைய வலது ஸ்கீயின் முன்பக்க ஜன்னலில் இருந்தது 6.5. பின்பக்கம் 6. இடது ஸ்கீயில் இரண்டுமே 5. ஒரே ஆளின் இரண்டு கால்களுக்கு இரண்டு எண்! முந்தைய யாரோ ஒருவருக்கு வைத்ததை, அதுவும் இரண்டு வேறு ஜோடிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அப்படியே எங்களிடம் தள்ளியிருக்கிறார்கள்.

விழுந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கற்றுத்தருவது ஸ்கீயின் முன் நுனிகளைச் சேர்த்து, பின்னால் விரித்து, தலைகீழ் V மாதிரி வைத்து நிறுத்துவது. அப்படி நிற்கப் போகும்போது வலது ஸ்கீயின் உள்விளிம்பு பனியில் சிக்கி வெளிப்பக்கம் விலகிப் போய்விட்டது. உடம்பு அங்கேயே நிற்கிறது, கால் மட்டும் போகிறது. ஸ்கீ கழலவே இல்லை. "உள்ளே ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி இருந்துச்சுங்க" என்றார். வலியைவிட அந்த உணர்வுதான் பயமாக இருந்ததாம்.

இன்ஸ்ட்ரக்டர் உடனே ஒரு ஜோடி ஸ்கீயை மேல்பக்கம் பனியில் குறுக்காக, பெருக்கல் குறி மாதிரி நட்டுவைத்தார். மேலிருந்து வருகிறவர்களுக்கு 'இங்கே அடிபட்டவர் இருக்கிறார்' என்று காட்டும் அடையாளம் அது. பாதை ஓரத்துக் கம்பத்தில் இருந்த எண்ணைப் பார்த்து போனில் சொன்னார். சறுக்குப் பாதைகளில் பெரும்பாலும் இப்படி எண் போட்ட கம்பங்கள் இருக்கும், போகும்போதே ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லெட்ஜோடு வந்த மீட்புக்குழு ஆள், மனைவியின் காலிலிருந்து ஸ்கீயைக் கழற்றியதும் அந்தச் சின்ன ஜன்னலைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார். "எத்தனை வருடமாக ஓட்டுகிறார்?" என்று கேட்டார். இன்றைக்கு மூன்றாம் நாள் என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. தன் போனை எடுத்து நான்கு ஜன்னல்களையும் படம் எடுத்தார். என்னையும் எடுக்கச் சொன்னார். "கடையில் திருப்பிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க." இன்றைக்கு எங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த நான்கு படங்கள்தான். முகம் தெரியாத அந்த மனிதருக்கு நன்றி.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எண் சரியாக இருந்திருந்தாலும் முட்டி தப்பியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பைண்டிங் முக்கியமாகக் காப்பது கீழ்க்கால் எலும்பைத்தான், முட்டியை அது எல்லா விழுதலிலும் காக்காது. மெதுவாகத் திருகி விழும்போது சரியான எண் இருந்தும் கழலாமல் போவதுண்டாம். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கழல்வதற்கான வாய்ப்பையே எடுத்துவிட்டுக் கையில் கொடுத்தார்களே, அதற்கு யார் பதில் சொல்வது?

மாலை கடைக்குப் போனேன். நான் பேச ஆரம்பித்ததுமே ஒருவர் ஸ்கீயை வாங்கிக்கொண்டு, "உள்ளே வைத்துப் பார்க்கிறேன்" என்று பட்டறைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது எண் 3. "சரியாகத்தானே இருக்கு?" என்றார். படத்தைக் காட்டினேன். முகம் மாறியது. மேலாளர் வந்தார், நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

நால்வரின் பெயருக்கு எதிரிலும் வகை 3 என்ற கட்டத்தில் டிக். பனியை முதன்முதலாகப் பார்த்த என் எட்டு வயதுப் பையனும் அந்தத் தாளில் செங்குத்துச் சரிவு வீரன். எடைக் கட்டம் இரண்டு பேருக்குக் காலி. அடியில் 'மேற்கண்ட விவரங்கள் நான் அளித்தவை, சரியானவை' என்று பொடி எழுத்து. அதன் கீழே என் கையெழுத்து. "நீங்கள் சொன்னபடிதான் வைத்தோம்" என்றார் மேலாளர். வகை 3 என்றே வைத்துக்கொண்டாலும் வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று எந்த அட்டவணையில் வருகிறது என்று கேட்டேன். பின்னால் ஆட்கள் காத்திருப்பதாகச் சொன்னார்.

அதோடு விடவில்லை. மகளின் ஸ்கீ அடிப்பாகத்தில் ஆழமான கீறல் இருக்கிறதென்று முன்பணத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். விரலை வைத்துப் பார்த்தேன். கீறலின் குழிக்குள் மெழுகு படிந்திருந்தது. மெழுகு பூசுவது கடையின் வேலை, எங்களுக்கு அதற்கு இஸ்திரிப் பெட்டி ஏது? கீறல் எங்களுக்கு முன்னாலேயே இருந்தது, அதன் மேல் மெழுகு பூசித்தான் எங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வாங்கும்போது நான் அடிப்பாகத்தைப் படம் எடுத்து வைக்கவில்லை. இப்போது எல்லாருக்கும் சொல்கிறேன்: கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் ஸ்கீயைக் கவிழ்த்து அடிப்பாகம், விளிம்புகள், நான்கு ஜன்னல்கள் எல்லாவற்றையும் படம் எடுங்கள். தாளையும் சேர்த்து எடுங்கள். கையெழுத்துக்கு முன்னால், ஒவ்வொரு கட்டத்தையும் வாசித்துவிட்டு.

இதையெல்லாம் முதல் நாளே பிடித்திருக்கலாம் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். முதல் நாள் மதியமே மகன் கால் விரல் மரத்துப்போகிறது என்று அழுதான். பாதம் 21 சென்டிமீட்டர், கொடுத்திருந்த பூட்ஸ் 23. ஸ்கீ பூட்ஸின் அளவு எண்ணே பாத நீளத்தின் சென்டிமீட்டர்தான், ஒரு ஸ்கேல் இருந்தால் யாரும் சரிபார்க்கலாம். பெரிதாக இருந்ததால் கால் உள்ளே ஆடியிருக்கிறது, ஆடாமல் இருக்க அவன் பக்கிளை எல்லாம் இறுக்கியிருக்கிறான், ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் விறைத்துவிட்டது. குளிருமே என்று நான் இரண்டு ஜோடி சாக்ஸ் வேறு போட்டுவிட்டிருந்தேன். முழங்கால் வரை வரும் மெல்லிய சாக்ஸ் ஒன்றே போதும், இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து இன்னும் கெடுதல். சரியான பூட்ஸ் என்றால் நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்னால் லேசாக உரச வேண்டும், முட்டியை முன்னால் மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் மேலே எழும்பவே கூடாது. செருப்புப் போல இதமாக இருந்தால் அது பெரிய அளவு.

அன்றைக்கே கடைக்குப் போய் அவனுக்கு மட்டும் மாற்றி வாங்கினேன். பூட்ஸ் மாறினால் அடிப்பகுதி நீளம் மாறும், பைண்டிங்கைத் திரும்ப அளந்து வைக்க வேண்டும். அவர்கள் செய்யவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. ஒரு ஜோடி தப்பு என்று தெரிந்த பிறகாவது மற்ற மூன்றையும் மேசையில் வைத்து "எண்ணைக் காட்டுங்கள்" என்று சொல்லியிருந்தால்... விடுங்கள். எண் தப்பாகத் தெரிந்தால் நீங்களே ஸ்க்ரூவைத் திருப்பாதீர்கள். முன்பக்கம், பின்பக்கம், பூட்ஸ் அழுத்தும் அளவு மூன்றும் சேர்ந்து வேலை செய்ய வேண்டியவை. கடைக்கே கொண்டுபோய் உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். இதற்காகவே ஸ்கீயை வகுப்புக்கு முந்தைய நாள் மாலையிலேயே வாங்கிவிடுவது நல்லது. வகுப்பு நாள் காலையில் கடைக்காரனுக்கும் அவசரம், நமக்கும் அவசரம்.

இன்சூரன்ஸில் மட்டும் தப்பித்தோம். பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்று, மகள் ஞாபகப்படுத்தியதால் சேர்த்திருந்தேன். மலையிலிருந்து ஸ்லெட்ஜில் இறக்குவதற்கே பல நாடுகளில் தனியாகக் கட்டணம் உண்டு. குறியிட்ட பாதையை விட்டு வெளியே போய் அடிபட்டால் பல பாலிசிகள் கைவிரித்துவிடும், அதையும் படித்துவிட்டுப் போங்கள். மீட்புக்குழுவின் அறிக்கையைக் கேட்டார்கள். கையோடு வாங்கி வைத்திருந்ததால் பிரச்சினை இல்லை.

வகுப்பைப் பற்றியும் ஒரு குறை உண்டு. சிறிய குழு என்று விளம்பரம், போனால் பதினான்கு பேர். இருந்தாலும் இன்ஸ்ட்ரக்டர் நல்லவர், அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு தவறை நான் செய்யாமல் தப்பித்ததற்கு அவர்தான் காரணம். நீலப் பாதை என்றால் எங்கும் சுலபம் என்று நினைத்திருந்தேன். ஐரோப்பாவில் நீலம் சுலபமானது. வட அமெரிக்காவில் சுலபமானது பச்சை வட்டம், நீலச் சதுரம் அதற்கு அடுத்த படி. நிறத்தை நம்பாதீர்கள், அந்த மலையின் வரைபடத்தைப் பாருங்கள் என்று முதல் நாளே சொன்னார்.

மனைவிக்கு அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஆறு வாரம் முட்டிக்குப் பட்டை, அப்புறம் பிசியோதெரபி. கார்டு கம்பெனியில் முன்பணத்துக்கு ஆட்சேபம் போட்டிருக்கிறேன், கீறல் படத்தையும் நான்கு ஜன்னல் படங்களையும் இணைத்து. கடைக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். முந்தாநாள்தான் ஒரு பதில் வந்தது. ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறார்களாம், அடுத்த முறை வரும்போது வாடகையில் தள்ளுபடி தருவார்களாம். மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "என் எடை என்னன்னு கேட்டு ஒரு பதில் போடச் சொல்லுங்க" என்றார்.