எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு விலை பேசுகிறார்கள், உஷார்

ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் பக்கம் பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. எஞ்சின் படுத்துவிட்டால், சரி பண்ணுவதா விற்பதா என்று நீங்கள் முடிவெடுக்கும் வரை யாரையும் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். கழற்றிவிட்டால் முடிவு உங்கள் கையில் இருக்காது. கடைப் பெயர் போடப்போவதில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என்னுடையது 2012 மாடல் டிசையர் டீசல். பாம்பனிலிருந்து திரும்பும் வழியில், உச்சிப்புளி தாண்டியதும் டெம்பரேச்சர் விளக்கு எரிந்து பானெட்டுக்குள் இருந்து ஆவி கிளம்பியது. உடனே ஓரங்கட்டி ஆஃப் செய்தேன். வழக்கமாக சர்வீஸுக்கு விடும் ஒர்க்‌ஷாப்புக்கே இழுத்துக்கொண்டு போனோம்.

"ஹெட் கேஸ்கெட்தான் சார், 20 ஆயிரத்துக்குள்ள முடிச்சிரலாம்" என்றார் மெக்கானிக். ஹெட் என்பது எஞ்சினின் மேல் பகுதி, அதற்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடுதான் கேஸ்கெட். சரி என்றேன். பிரித்த பிறகு பேச்சு மாறியது. ஹெட்டில் கிராக் என்றார். அப்புறம் போர் பண்ணணும் (சிலிண்டர் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்குவது), பிஸ்டன் செட், பேரிங், எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 10 ஆயிரம் ஆகும் என்றார். நம்புவதற்காகக் கிராக் விழுந்த ஹெட்டின் படமும் வாட்ஸப்பில் வந்தது. நான் தயங்கியதும் அன்று மாலையே 'ஒரு பார்ட்டி' முளைத்தார். இருக்கிற நிலையில் 45 ஆயிரம் தருகிறாராம். "டீசல் வண்டிக்கு 10 வருஷம்தான் சார் ஆயுசு, அரசாங்கமே தடை போட்டிருச்சு. இப்ப விட்டா இரும்பு விலைக்குத்தான் போகும்" என்றார் மெக்கானிக்.

பச்சைப் பொய். அந்த 10 வருஷக் கட்டுப்பாடு டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள தலைநகர்ப் பகுதிக்கும் உரியது. 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் போட்டது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நம் ஊரில் 15 வருஷம் முடிந்தால் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, பசுமை வரி கட்டி, ஆர்.சி.யை 5 வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

என் மச்சான் பாம்பனில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்ப்பவர். அந்தப் படத்தை அவருக்கு அனுப்பினேன். பார்த்ததும் போன் அடித்தார்: "மாப்ள, இது உன் வண்டி ஹெட்டே இல்ல. வால்வை எண்ணிப் பாரு." எண்ணினேன். டிசையரின் 1.3 லிட்டர் டீசல் எஞ்சினில் 4 சிலிண்டருக்கு 16 வால்வு, அதாவது சிலிண்டருக்கு நாலு. படத்தில் இருந்ததோ சிலிண்டருக்கு இரண்டே இரண்டு. வேறு ஏதோ பழைய வண்டியின் ஹெட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்!

இரண்டு பேரும் நேரில் போனோம். முதலில் "ஹெட் லேத்துக்குப் போயிருக்கு" என்றார்கள். மச்சான் நகராமல் நின்றதும் பின்கட்டிலிருந்து வந்தது. இரும்பு ஸ்கேலை மேலே வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தார். லேசான வளைவு இருந்தது, கண்ணுக்குக் கிராக் தெரியவில்லை. சிலிண்டர் சுவரில் கம்பெனியில் போட்ட குறுக்குக் கோடுகள் அழியாமல் இருந்தன. அந்தக் கோடு இருந்தால் சுவர் தேயவில்லை என்று அர்த்தம், அப்புறம் போர் பண்ணச் சொன்னது எதற்கு? மெக்கானிக்கிடம் பதில் இல்லை. "பையன் பார்த்துச் சொன்னான் சார்."

இதைவிட எரிச்சல் மூட்டியது ரேடியேட்டர். போன சர்வீஸில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றியதாக இவர்களே பில் போட்டிருக்கிறார்கள். ஹோஸில் மிச்சம் இருந்ததோ செம்மண் நிறத் தண்ணீர். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. அதை அலுமினிய ஹெட்டுக்குள் ஓடவிட்டால் அரிக்காமல் என்ன செய்யும்? காசு வாங்கியது கூலண்டுக்கு, ஊற்றியது மோட்டார் தண்ணீர்.

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்றால் முடியாது. எஞ்சின் பிரிந்து கிடக்கிறது. பிரித்த கூலி என்று 6 ஆயிரம் வாங்கிக்கொண்டு பாகங்களைச் சாக்கில் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் கொட்டிப் பார்த்தால் நாலு இருக்க வேண்டிய இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) இரண்டுதான் இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் நம்பர் பொறித்திருக்கும். இன்ஜெக்டர், டர்போ, பேட்டரி, எஞ்சின் நம்பர் எல்லாவற்றையும் வண்டி விடும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள், அவர்கள் கண் முன்னாலேயே.

நியாயமாகச் செய்தால் 40 ஆயிரத்தில் ஓட வைக்கலாம் என்றார் மச்சான். ஆனால் டிரைவர் பக்க ஃப்ளோர் மேட்டைத் தூக்கியதும் அவரே வேண்டாம் என்றுவிட்டார். கடல் காற்று தரையைத் தின்றிருந்தது, முன்பக்க சஸ்பென்ஷன் உட்காரும் இடத்திலும் துரு. எஞ்சினைச் சரி பண்ணலாம், பாடியை எங்கே போய் வாங்குவது? நம் கரையோர வண்டிகளுக்கு எஞ்சினுக்கு முன்னால் அடிப்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியில் மதுரைக்காரர் ஒருவருக்கு 62 ஆயிரத்துக்குக் கொடுத்தேன். பிரிக்காமல் இருந்தால் 90 கொடுத்திருப்பேன் என்றார் அவர். பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்து, அவருடைய ஆதார் நகல், தேதியும் நேரமும் போட்ட டெலிவரி நோட், இவை இல்லாமல் சாவியைத் தரவில்லை. ஆர்.சி.யில் பேர் மாறாத வரை அந்த வண்டி எங்கே இடித்தாலும் சட்டப்படி நாம்தான் ஓனர்.

காணாமல் போன அந்த இரண்டு இன்ஜெக்டர்? இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மதுரைக்கு டெஸ்டிங் போயிருக்கிறதாம்.