பைண்டு தொகுப்பா, புதுப் பதிப்பா?

மனசு சரியில்லாத நாளில் மறுபடி எடுக்கிற நாவல் என்றால் பலருக்கும் 'பொன்னியின் செல்வன்'தான். எந்த வடிவில் படிப்பது என்பதில்தான் வழக்கு.

1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த தொடரை வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டுக்கு ஈடே கிடையாது. மணியத்தின் ஓவியங்கள் அந்தந்த இடத்திலேயே இருக்கும்; பக்கத்தைப் புரட்டினால் ஏதாவது துணுக்கோ பழைய விளம்பரமோ எட்டிப் பார்க்கும். அத்தியாயம் முடிகிற இடத்தில், ஒரு வாரம் காத்திருந்தவர்களின் தவிப்பும் புரியும். ஆனால் தையல் இறுகிவிட்டால் ஓரத்து எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடும். தாளும் விரல் பட்டாலே உதிரும். தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் கிட்டவே போக வேண்டாம்.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் புதுப் பதிப்புகள் பல பதிப்பகங்களிலிருந்து மலிவாகவே கிடைக்கின்றன. ஐந்து பாகத்தையும் ஒரே தலையணையாக்கிய பதிப்பு மட்டும் வேண்டாம். படுத்துக்கொண்டு படித்தால் நெஞ்சு வலிக்கும். அச்சுப்பிழை இன்னொரு எரிச்சல். வாங்குமுன் நடுவில் இரண்டு பக்கம் படித்துப் பாருங்கள்.

பஸ்ஸுக்கும் படுக்கைக்கும் தனித்தனிப் பாகங்கள்தான் சரி. பைண்டு கிடைத்தால் மேஜையில் வைத்துப் படியுங்கள். அப்புறம், யார் கேட்டாலும் இரவல் கொடுத்துவிடாதீர்கள்.