தனி அறையா, மருந்துப் புட்டியா? ஃபின்ச் குருவிகளின் நோய்த் தடுப்பு பற்றி ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஃபின்ச் குருவி வளர்ப்பவர்களிடம் நோய்த் தடுப்பு பற்றிக் கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். புதுக் குருவி வந்ததும் ஒரு மாதம் தனியே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது ஒரு கட்சி. வந்த அன்றே தண்ணீரில் ஆன்டிபயாட்டிக் பொடியைக் கலந்து வைத்துவிட்டு, மூன்றாம் நாள் மற்றக் குருவிகளோடு விட்டுவிடலாம் என்பது இன்னொரு கட்சி. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் கட்சி பக்கம் நியாயம் இருக்கிறது. இரண்டாம் கட்சி பக்கம் அவசரம்தான் இருக்கிறது.

பொடிக்காரர்களின் வாதம் கேட்பதற்கு நன்றாகவே இருக்கும். செலவு குறைவு, தனிக்கூண்டு வேண்டாம், வேலையும் இல்லை. ஆனால் அந்த மருந்து குருவியின் வயிற்றுக்குள் போகிறதா என்பதுதான் முதல் கேள்வி. கடைகளில் அதிகம் விற்பது ஜீப்ரா ஃபின்ச். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிகளில் வாழும் இனம் அது. காய்ந்த தானியத்தை மட்டும் தின்று, தண்ணீரே குடிக்காமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்ததை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். நோயுற்ற குருவியோ இன்னும் குறைவாகக் குடிக்கும். தண்ணீர் கசந்தால் அதையும் நிறுத்திவிடும். கிண்ணத்தில் எவ்வளவு கலந்தோம் என்பது நமக்குத் தெரியும், குருவிக்குள் எவ்வளவு போனது என்பது யாருக்கும் தெரியாது.

போய்ச் சேர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் தாக்கும். ஃபின்ச் கூட்டங்களை அழிப்பவற்றில் பல பாக்டீரியாவே இல்லை. மூச்சுக்குழாயிலும் காற்றுப்பைகளிலும் குடியிருக்கும் நுண்சிலந்தி (மைட்), குடலைக் கெடுக்கும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணி, இரைப்பையில் வளரும் ஈஸ்ட் எதுவும் அந்தப் பொடிக்கு அசையாது. குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடுவதால் ஈஸ்ட்டுக்குக் கொண்டாட்டம் வேறு. அரைகுறை மருந்தில் தப்பிய கிருமி எதிர்ப்புச் சக்தியோடு திரும்பி வரும்போது, கால்நடை மருத்துவர் எழுதித் தரும் சரியான மருந்தும் பலிக்காமல் போகலாம்.

நுண்சிலந்திக்கு ஐவர்மெக்டின் என்ற மருந்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, வேலையும் செய்யும். ஆனால் நம் ஊர் மருந்துக் கடையில் சுலபமாகக் கிடைப்பது மாட்டுக்கான 1 சதவீத ஊசி மருந்து. பறவைகளுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம். ஜீப்ரா ஃபின்ச்சின் எடை சுமார் 12 கிராம். கணக்குப் போட்டால், அந்த மாட்டு மருந்தின் ஒரே ஒரு மில்லி ஏறத்தாழ நாலாயிரம் குருவிகளுக்கான அளவு! கண் அளவில் ஒரு சொட்டு என்று விடுவதும் குருவியைக் கொல்வதும் ஒன்றுதான். பறவைக்கேற்பச் செறிவைக் குறைத்துத் தருவது மருத்துவரின் வேலை.

இனி தனிமைப்படுத்தும் கட்சி. குறைந்தது 30 நாள், முடிந்தால் 45 நாள். ஏன் இத்தனை நாள் என்றால், பிற விலங்குகளுக்கு இரையாகும் சிறு பறவைகள் நோயை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். சிறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குருவிக்கு நோய் அன்று தொடங்கியிருக்காது. வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்குகிறதா, இரவில் விளக்கை அணைத்த பிறகு ‘டிக், டிக்’ என்ற சத்தம் கேட்கிறதா என்று கவனிக்க நாள் வேண்டும். இடையில் இன்னொரு குருவியைக் கொண்டுவந்து அதே கூண்டில் விட்டால் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். பலரும் இங்கேதான் ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

ஃபின்ச் தனியாக இருந்தால் வாடும் என்ற எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. அதற்கு விடை எளிது: ஒரே கடையிலிருந்து ஜோடியாக வாங்கி ஜோடியாகவே தனிமைப்படுத்துங்கள். இன்னோர் ஓட்டையும் உண்டு. கோல்டியன் என்ற ஃபின்ச் இனத்தின் குஞ்சுகளை வளர்க்கச் செவிலித்தாயாக விடும் பெங்காலி ஃபின்ச், கோக்ளோசோமா என்ற குடல் ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டே ஆரோக்கியமாகத் திரியும். குஞ்சுகள்தான் சாகும். இதை 45 நாள் வெறும் கண்ணால் பார்த்தாலும் பிடிக்க முடியாது. எச்சத்தைப் புதிதாக நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். ஆகவே தனிமையோடு எச்சப் பரிசோதனையும் சேர்ந்தால்தான் முதல் கட்சியின் வெற்றி முழுமை.

வீட்டில் எங்கே வைப்பது? பழைய செட்டிநாட்டு வீடு இந்த ஒரு விஷயத்தில் நகரத்து அடுக்குமாடியைத் தோற்கடித்துவிடும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீண்டுகொண்டே போகிற வீட்டில் பழைய குருவிகள் முன்னே, புதியவை பின்கட்டில் என்று காற்றைக்கூடப் பிரித்து வைக்கலாம். முதலில் பழைய குருவிகளுக்குத் தீனி, கடைசியாகப் புதியவற்றுக்கு. பிறகு கை கழுவல். இந்த வரிசை மாறக் கூடாது. வேறு கிண்ணம், வேறு துடைப்பம்.

வளவு முற்றத்தில் கூண்டு தொங்குவது பார்க்க அழகு, வெயிலும் காற்றும் தாராளம். ஆனால் மேலே திறந்த வானம். தூண் உச்சியிலும் ஓட்டு விளிம்பிலும் உட்காரும் புறாவும் சிட்டுக்குருவியும் எச்சத்தை நேராகக் கூண்டில் போடும். சால்மொனெல்லா பாக்டீரியா அந்த வழியாக இறங்கும். புறா வாய் வைத்த தண்ணீரில் டிரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணி வரும். முற்றத்தை ஒட்டிய பட்டாலைப் பக்கம், கூரை நிழலுக்குள், காலை வெயில் சாய்வாகப் படும் இடமே முற்றத்தின் நடுவைவிட மேல். மொட்டைமாடித் தகரக் கொட்டகை பற்றிப் பேச்சே வேண்டாம், மே மாத வெயிலில் நோய் வரும் வரை குருவி இருக்காது. கொல்லையில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் கோழிக்கூட்டுச் செருப்போடு குருவி அறைக்குள் நுழையாமல் இருந்தால் நல்லது. வெள்ளைக் கழிச்சலும் கோழிப்பேனும் அப்படித்தான் இடம் மாறும்.

சுத்தம் செய்வதில் பிளீச்சா, ஃபினைலா, வினிகரா? ஃபினைலைத் தள்ளுங்கள், அதன் ஆவி சிறு பறவைக்கு ஆகாது. வினிகர் உப்புக்கறையை எடுக்கும், கிருமிநாசினியாக அதை நம்ப முடியாது. துணிக்குப் போடும் திரவ பிளீச் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர், 10 நிமிட ஊறல், பிறகு நன்றாகக் கழுவிக் காயவைத்தல் என்பது பாக்டீரியாவுக்கும் பெரும்பாலான வைரஸுக்கும் போதும். எச்சத்தை முதலில் தேய்த்து எடுக்காவிட்டால் பிளீச் அதன்மேலேயே வீணாகும். குருவிகள் வேறு அறையில் இருக்கும்போது செய்யவேண்டும். வினிகரையோ கழிப்பறை ஆசிடையோ அதோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

காக்சிடியா முட்டையுறைகளிடம் மட்டும் பிளீச் தோற்றுப்போகிறது. அவற்றை வெல்வது கொதிநீரும் உலர்ச்சியும். எச்சத்தோடு வெளிவரும் உறை உடனே தொற்றாது. ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்து ஓரிரு நாள் முதிர்ந்த பிறகே ஆபத்து. தினமும் கூண்டின் அடித்தாளை மாற்றுகிறவர் அது முதிர்வதற்குள் வெளியே எறிந்துவிடுகிறார். தாளா, மணலா, மரத்தூளா என்ற சண்டையில் நான் செய்தித்தாளுக்கே ஓட்டுப் போடுவது இதனால்தான். எச்சத்தின் நிறம் மாறினாலும் தாளில் பளிச்சென்று தெரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மணல் காயவே காயாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கூண்டுக்கு வெளியே சிதறுவதைத் துடைத்தெடுக்க வாகானது.

கூண்டில், பழைய தேக்குக் கூண்டுக்கும் கம்பிக் கூண்டுக்கும் போட்டி என்றால் கம்பிதான். இரவில் இரத்தம் குடிக்கும் செஞ்சிலந்தி என்ற நுண்சிலந்தி பகலில் மர இடுக்கில்தான் ஒளியும். தேக்குக் கூண்டை முகப்பில் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம். பறவை அம்மை நோயைக் கொசு பரப்புவதால் மழைக்காலத்தில் கம்பிக் கூண்டைச் சுற்றிக் கொசுவலை போடுவது எந்த மருந்தையும்விட மலிவு.

கடைசியாக, ஒரு குருவி செத்துவிட்டால் கொல்லையில் புதைப்பதா, பரிசோதிப்பதா? மற்றக் குருவிகள் உயிரோடு இருக்கும் வீட்டில் பரிசோதனையே மேல். உறைய வைக்கக் கூடாது, திசு கெட்டுவிடும். இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, குளிர்ச்சியில் வைத்து, கால்நடை மருத்துவமனைக்கு முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டுத் தாமதிக்காமல் கொண்டுபோங்கள். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க ஆச்சி சம்மதிக்கமாட்டார்கள் என்பது தெரிந்ததே. மீன் வாங்கப் போகும் தெர்மாகோல் பெட்டியும் இரண்டு ஐஸ் கட்டியும் போதும்.