படத்துல மட்டும் இருந்த ரோட்டுக்கு 6 லட்சத்து 40 ஆயிரம் குடுத்திருக்கோம், தயவுசெஞ்சு நீங்க குடுத்துடாதீங்க

நேத்து ராத்திரி ஒன்பது மணிக்கு போன்ல ஒரு விளம்பரம் வந்துச்சு. எங்களுக்கு வீடு வித்த அதே பில்டர். 'பேஸ் 2 புக்கிங் ஆரம்பம், வரப்போற நாலு வழி இணைப்புச் சாலையை ஒட்டியே, மெயின் ரோட்டுக்கு வெறும் 8 நிமிஷம்'னு போட்டிருக்கு. அதே படம், அதே ஆரஞ்சுக் கோடு, அதே 8 நிமிஷம். மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே படத்தைக் காட்டித்தான் எங்ககிட்ட 6 லட்சத்து 40 ஆயிரம் தனியா வாங்கினாங்க. ராத்திரி பூரா தூக்கம் வரல, காலைல எல்லாரையும் அனுப்பி வச்ச உடனே உக்காந்து இதை டைப் பண்றேன், தப்பு ஏதும் இருந்தா பொறுத்துக்கங்க. பில்டர் பேர் போடல, எங்க ரெசிடென்ட்ஸ் குரூப்ல பேர் போட்டு எழுதின ஒருத்தருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம்னு ஏற்கெனவே போன் வந்துச்சு. வேகமா வளர்ற புறநகர்ல வயலையும் பொட்டலையும் வாங்கி நானூறு ஐநூறு வீடுன்னு கட்டி விக்கிற ஒரு பில்டர், அவ்வளவு தெரிஞ்சா போதும்.

எப்படி நம்பினோம்னு முதல்ல சொல்றேன், ஏன்னா நாங்க விசாரிக்காம போய் விழுந்தவங்க இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை காலைல பதினோரு மணிக்கு அவங்களே கார் அனுப்பி கூட்டிட்டுப் போனாங்க. நான், என் வீட்டுக்காரர், மாமனார் மூணு பேரும் போனோம். மெயின் ரோட்டுல இருந்து உள்ள திரும்பின உடனே அந்த சேல்ஸ் பையன் போன்ல டைமர் ஆன் பண்ணி என் கையிலயே குடுத்துட்டான், 'அக்கா நீங்களே பாருங்க'ன்னு. கேட்டுக்கு வந்து நிக்கிறப்ப 8 நிமிஷம் 10 செகண்ட். ரோடு காலியா இருந்துச்சு, ரெண்டு பக்கமும் பச்சையா, காத்து நல்லா வந்துச்சு. மூணு கிலோமீட்டர் ரோடு, ஞாயித்துக்கிழமை, பதினோரு மணி, இது மூணையும் சேர்த்து யோசிக்க அன்னைக்கு எனக்குத் தோணவே இல்ல.

உள்ள போனா சுவர் பூரா பெரிய வரைபடம். அதுல எங்க பிளாக்குக்குப் பின்னாடி ஆரஞ்சு கலர்ல தடியா ஒரு ரோடு, நடுவுல மரம் வரைஞ்சு, நேரா போய் மெயின் ரோட்டைத் தொடுது. அந்தப் பையன் எங்களைப் பின்பக்கம் காம்பவுண்டு வரைக்கும் கூட்டிட்டுப் போய் ஒரு இடைவெளி வழியா காட்டினான், அந்தப் பக்கம் பொட்டல்ல வரிசையா கல்லு நட்டு, தலையில சிவப்பு பெயிண்ட் அடிச்சிருந்துச்சு. 'சர்வே முடிஞ்சிருச்சு அக்கா, ரோட்டுக்குத்தான் கல்லு நட்டிருக்காங்க.' மாமா லேசுல எதையும் நம்ப மாட்டார், 'எப்ப தம்பி வரும்?'னு கேட்டார். 'ஐயா, இது நாங்க போட்ட கோடு இல்ல, மாஸ்டர் பிளான்லயே இருக்கு, கவர்மெண்ட்டே போட்டது, நீங்க குடி வர்றதுக்குள்ள வந்துரும்'னு சொல்லி அந்த மாஸ்டர் பிளான் பக்கத்தோட நகலையே எடுத்துக் காட்டினான். மாமா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு சர்வே நம்பரெல்லாம் ஒத்துப் பார்த்தார். கோடு நிஜமாவே இருந்துச்சு. முழுப் பொய்யா இருந்திருந்தா அன்னைக்கே எழுந்து வந்திருப்போம். இருக்கிற கோட்டைக் காட்டி இல்லாத ரோட்டை வித்தாங்க, அங்கதான் மாமா தலையாட்டினார், அவர் தலையாட்டினதும் நாங்களும் சரின்னுட்டோம்.

அந்த ரோட்டைப் பார்த்த மாதிரி இருக்கிற பிளாக்குக்கு 'லொகேஷன் சார்ஜ்'னு 6 லட்சத்து 40 ஆயிரம் தனி. முன்பக்கம் இருக்கிற பிளாக் எடுத்தா அது கிடையாது. என் வீட்டுக்காரர் கணக்குப் போட்டார், போக வர தினமும் ஒரு மணி நேரம் மிச்சம், பொண்ணுக்கு ஸ்கூல் பக்கம், பரவாயில்லன்னு. அந்தப் பணம் நான் எட்டு வருஷமா தனியா சேர்த்து வச்சிருந்த பணம், வேற எதுக்கும் தொடாம வச்சிருந்தது, ஒரே செக்ல குடுத்துட்டு வந்தேன்.

குடி வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. ஆரஞ்சுக் கோடு இருந்த இடத்துல இன்னைக்கும் முள்ளுதான் வளருது. வெளிய போக அதே மூணு கிலோமீட்டர் ரோடு ஒண்ணுதான் வழி, போக ஒண்ணு வர ஒண்ணு, நடக்க ஓரம் கிடையாது, நடுவுல ஒரு சின்னப் பாலம், அதுல பஸ்ஸும் லாரியும் எதிரெதிரா வந்தா ஒண்ணு பின்னால போகணும். அந்த ரோட்டுல எங்களோட சேர்த்து ஒன்பது குடியிருப்பு, ஒவ்வொண்ணுக்கும் ஒரே கேட்டு, எல்லா கேட்டும் அதே ரோட்டுலதான் திறக்குது. காலைல ஏழு மணிக்கே வரிசை எங்க கேட்டு வரைக்கும் வந்துடுது. 8 நிமிஷம்னு சொன்ன தூரம் 50 நிமிஷம், மழை பேஞ்சா ஒன்றே கால் மணி நேரம். ஸ்கூல் வேன் ஓட்டுற அண்ணன் போன ஜூலையில வந்து நின்னார், 'உங்க கேட்டு வரைக்கும் வந்து திரும்பினா மத்த பசங்க எல்லாரும் லேட்டாகுறாங்கம்மா, பாப்பாவை மெயின் ரோட்டுல கொண்டு வந்து விட்டுருங்க'ன்னு. அவர் மேல எனக்குக் கோபம் இல்ல, அவர் என்ன பண்ணுவார். ஏழு வயசுப் பொண்ணை தினமும் அஞ்சே முக்காலுக்கு எழுப்பி, ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்க வச்சு, லாரிப் புகையில நின்னு நின்னு கொண்டு போய் விடுறேன்.

இனி பில்டர் பக்கம் என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. முதல்ல அந்தப் பையனுக்கு போன் பண்ணினேன். 'கோர்ட்ல ஒரு ஸ்டே இருக்கு அக்கா, ஆறு மாசத்துல க்ளியர் ஆயிரும்'னான். ஆறு மாசம் கழிச்சுக் கேட்டா 'எலக்சன் முடியட்டும் அக்கா'. அதுக்கப்புறம் போனே எடுக்கல, விசாரிச்சா வேலையை விட்டுட்டானாம். கஸ்டமர் கேர்ல புகார் பதிஞ்சேன், ஒரு நம்பர் குடுத்தாங்க, நாலு நாள்ல 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது'ன்னு மெசேஜ் வருது, ஒரு ஆள் கூட என்கிட்ட பேசல. நேர்ல போனோம். ரெண்டரை மணி நேரம் உக்கார வச்சாங்க. மேனேஜர் வந்து பிரசுரத்தோட கடைசிப் பக்கத்தைத் திருப்பி, எறும்பு மாதிரி எழுத்துல இருக்கிற ஒரு வரியைக் காட்டினார், சுத்தி இருக்கிற சாலை எல்லாம் அரசோட முன்மொழிவுதான், அதுக்கு கம்பெனி பொறுப்பில்லன்னு. 'ரோடு போடுறது கவர்மெண்ட் மேடம், நாங்க என்ன பண்ண முடியும்?' சரி, அப்ப எங்ககிட்ட 6 லட்சத்து 40 ஆயிரம் எதுக்கு வாங்கினீங்கன்னு கேட்டேன். கொஞ்சம் கூட யோசிக்கல அந்த மனுஷர், 'அது வியூக்கு மேடம்'னார். எங்க பால்கனியில இருந்து பார்த்தா காம்பவுண்டுச் சுவரும் முள்ளும்தான் தெரியும். வீட்டுக்கு வந்து அக்ரிமெண்ட் எடுத்துப் படிச்சோம், 'முன்னுரிமை அமைவிடக் கட்டணம்'னு மட்டும் இருக்கு, சாலைங்கிற வார்த்தையே அந்தப் பத்தியில இல்ல. மாமா அன்னைக்கு சாப்பிடல, 'நான் தலையாட்டினதாலதானே'ன்னு திரும்பத் திரும்பச் சொல்லிட்டு இருந்தார், அதுதான் எனக்கு இன்னும் ஆறல.

அந்தக் கல்லு விஷயத்தையும் சொல்லிடறேன். ஒரு நாள் அந்தப் பொட்டல்ல ஒரு பெரியவர் நின்னுட்டு இருந்தார், நிலத்துக்காரர். ரோட்டுக் கல்லு எப்பங்கய்யா நட்டாங்கன்னு கேட்டேன். 'எந்த ரோடும்மா? நாங்க அண்ணன் தம்பி நாலு பேரும் பாகம் பிரிச்சப்ப நட்ட கல்லு'ன்னார். நிலத்தை எடுக்கப் போறோம்னு அவருக்கு இதுவரைக்கும் ஒரு நோட்டீஸ் கூட வந்ததில்ல.

அதுக்கப்புறம்தான் நகரத் திட்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்க ஒரு இன்ஜினியர் முக்கால் மணி நேரம் உக்கார வச்சு விளக்கினார், இத்தனை நாள்ல ஒழுங்கா பதில் சொன்ன ஒரே ஆள் அவர்தான். மாஸ்டர் பிளான்ல கோடு இருக்குன்னா அந்த இடத்துல வேற எதுவும் கட்டிடாம ஒதுக்கி வைக்கணும்னுதான் அர்த்தம், ரோடு வரப்போகுதுன்னு அர்த்தம் இல்ல. அதுக்கப்புறம் எந்த வழியா போகணும்னு அளந்து முடிவு பண்ணணும், பணம் ஒதுக்கணும், நிலத்துக்காரங்களுக்கு நோட்டீஸ் குடுக்கணும், இழப்பீடு குடுத்து நிலத்தை எடுக்கணும், அப்புறம் டெண்டர், அப்புறம்தான் வேலை. பல ஊர்ல இருபது முப்பது வருஷமா கோடாவே கிடக்கிற ரோடு உண்டு. எங்க கோடு முதல் படியைக் கூடத் தாண்டல.

அவர் இன்னொண்ணும் சொன்னார், அதைக் கேட்டதும் எனக்கு அடி வயித்துல என்னமோ பண்ணிடுச்சு. ஒரு லேன்ல சிக்னலே இல்லாம ஓடினாலும் மணிக்கு சுமார் 1,800 கார்தான் போக முடியும். நம்ம ரோடு மெயின் ரோட்டுல சேர்ற இடத்துல சிக்னல் நமக்கு கால்வாசி நேரம்தான் பச்சை குடுக்குது, அப்ப மணிக்கு 450 கார். ஒன்பது குடியிருப்புலயும் சேர்த்து 2,600 வீடு (நாங்களே எண்ணினது), பாதி வீட்டுல ஒரு கார் காலைல கிளம்பினா 1,300. பைக், பஸ், லாரி எதையும் சேர்க்காமலே கிட்டத்தட்ட மூணு மணி நேரம் ஆகும். ரோட்டு அகலத்தைப் பார்க்காதீங்க, அது போய்ச் சேர்ற முனையைப் பாருங்கன்னார். பக்கத்துக் குடியிருப்பு எங்களுக்கு முதுகுக்கு முதுகு, நடுவுல ஒரு சுவர்தான், ஆனா அங்க இருக்கிற என் பொண்ணோட சிநேகிதி வீட்டுக்குப் போகணும்னா கூட அந்த ரோட்டுல இறங்கித்தான் போகணும். ஒவ்வொருத்தரும் சுத்திச் சுவர் கட்டி ஒரே கேட்டு வச்சுக்கிட்டா உள்ளுக்குள்ள குறுக்கு ரோடே உருவாகாது, எல்லா வண்டியும் ஒரே இடத்துல வந்துதான் கொட்டும்.

சேல்ஸ்காரங்ககிட்ட இதைச் சொன்னா 'இருக்கிற ரோட்டையே அகலப்படுத்துவாங்க மேடம்'பாங்க, அதையும் நம்பாதீங்க. அமெரிக்காவுல ஹூஸ்டன்ல கேட்டி ஃப்ரீவேன்னு ஒரு ரோடு, அதை அகலப்படுத்தி 2008ல முடிச்சாங்க, சர்வீஸ் ரோடெல்லாம் சேர்த்தா சில இடத்துல 26 லேன் வரும். சில வருஷத்துலயே பீக் ஹவர்ல திரும்ப நெரிசல். ரோடு பெருசானா அதை நம்பி இன்னும் வீடு வரும், வண்டி வரும். ஆன்டனி டவுன்ஸ்ங்கிற பொருளாதார அறிஞர் 1962லயே இதை எழுதி வச்சுட்டார். அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் நம்மகிட்ட அதே கதையைத்தான் விக்கிறாங்க.

இப்ப பேஸ் 2. படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்தேன், அவங்களுக்குத் தனி வழியே இல்ல. எங்க பின்பக்கச் சுவரை இடிச்சு எங்க உள் ரோடு வழியாவே அந்த 400 வீட்டு வண்டியும் வெளிய போகப் போகுது. பசங்க சைக்கிள் ஓட்டுற ரோடு அது. எங்க வீடுகளையும் சேர்த்து மொத்தமா 900 வீடுன்னு சொல்லி அனுமதி கேட்டா போக்குவரத்து பாதிப்பு என்னன்னு ஆய்வு பண்ணச் சொல்லுவாங்களாம், அதனாலதான் பேஸ் பேஸா பிரிச்சு சின்னதாக் காட்டுறாங்கன்னு குரூப்ல பேசிக்கிறாங்க. நேத்து ராத்திரியே கஸ்டமர் கேர்க்கு திரும்ப எழுதினேன். 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, எங்கள் விற்பனைப் பிரிவு உங்களைத் தொடர்பு கொள்ளும்'னு பதில் வந்திருக்கு.

என்னென்ன பார்க்கணும்னு விரிவா எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியல, இதை மட்டும் பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை போய்ப் பார்க்காதீங்க, வேலை நாள்ல காலைல நீங்க கிளம்புற நேரத்துக்கு, உங்க வண்டியில போங்க. போக முடியலன்னா கூகுள் மேப்ல கிளம்புற நேரத்தைத் திங்கக்கிழமை காலைன்னு மாத்திப் பாருங்க. கோடு இருக்கான்னு கேட்காதீங்க, நிலம் எடுத்தாச்சா, அந்த நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் வந்துச்சான்னு கேளுங்க. ரோட்டுக்குன்னு தனியா பணம் கேட்டா, எந்த ரோடு, எந்தத் தேதிக்குள்ள, வரலன்னா பணம் திரும்பன்னு அக்ரிமெண்ட்லயே எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டாங்க, அப்ப எழுந்து வந்துருங்க. அந்த ரோட்டுல மொத்தம் எத்தனை வீடு வரப்போகுதுன்னு எண்ணுங்க.

பேஸ் 2 சைட் விசிட் இந்த ஞாயித்துக்கிழமை காலைல பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும்னு போட்டிருக்காங்க, கேட்டுல கொடியெல்லாம் கட்டிட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது போறதா இருந்தா இதை அனுப்பி விடுங்க. திங்கக்கிழமை காலைல ஏழே காலுக்கு வரச் சொல்லுங்க, அந்தப் பாலத்துக்கிட்ட பொண்ணோட ஸ்கூட்டர்ல நின்னுட்டு இருப்பேன், என்ன கேட்டாலும் சொல்றேன்.