மறுகால் அடியில் போட்ட பல் தளம்

போன ஐப்பசி மழையில் எங்க ஊர்க் குளத்து மறுகால் (நிறைந்த குளத்தின் மிச்சத் தண்ணி வழியும் இடம்) அடியில் ஆளுயரப் பள்ளம். பேச்சிப்பாறை அணைத் தண்ணியும் சேர்ந்து வந்தால் கேட்கவே வேண்டாம். ஊர்க் காசில் ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்தோம், பேர் வேண்டாம். வெறுங்கல் கொட்டாமல் தளத்தைத் தாழ்த்தி, முழங்கால் உயரத்தில் பல் மாதிரி கான்கிரீட் கட்டை 2 வரிசை, மாற்றி மாற்றி வைத்தார்.

ஆனி மழையில் நின்று பார்த்தேன்: கண்ணாடிபோல் சரிந்து வந்த தண்ணி பல்லில் மோதி, எழும்பி, வெள்ளையாய்ச் சுழன்று, பத்தடி தள்ளிச் சாதுவாய் ஓடியது. வேகத் தண்ணி இப்படித் திடீரென எழும்பி மெதுவாவதை ஹைட்ராலிக் ஜம்ப் என்றார் காண்ட்ராக்டர். சத்தமும் நுரையுமாய் வேகம் அங்கேயே செத்துப்போகுது.

குறை, தளத்தின் கடைசியில் மண்ணுக்குள் இறக்கும் தடுப்புச்சுவரை 1 அடியோடு நிறுத்திவிட்டார். இப்போ அங்கே மண் அரித்து, கம்பை விட்டால் முழம் இறங்குது. போனும் எடுக்கல. 5-க்கு மார்க் போட்டால் பல்லுக்கு 5, வாலில் உள்ள அந்தச் சுவருக்கு 2.