ரிச்சி தெருவில் பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவோர் கவனத்திற்கு

குறைந்த செலவில் கேமிங் பிசி கட்ட நினைப்பவருக்குச் சென்னையில் எளிதாகக் கிடைக்கும் யோசனை, மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போய்ப் பழைய ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிப் போடுங்கள் என்பதுதான். யோசனையில் குறையில்லை. 2017இல் வெளிவந்த கார்டு என்றாலும், 8 ஜிபி நினைவகம் இருப்பதால் ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2 போன்ற கனமான கேம்களையும் 1080பி திரையில் நடுத்தர அமைப்பில் ஓட்டிவிடும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அங்கே என் தலையில் கட்டப்பட்டது வேறு பொருள்.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. அதே வியாபாரத்தை அதே முறையில் செய்யும் கடைகள் அந்தத் தெருவில் இன்னும் இருக்கின்றன. "மைனிங் போகாத கார்டு சார், ஃப்ரெஷ் பீஸ், எந்த கேம் வேணும்னாலும் ஓடும்" (மைனிங் என்பது கிரிப்டோ நாணயம் ஈட்டக் கார்டை ஓயாமல் ஓட்டுவது) என்று உறுதி சொல்லி, சோதனைக் கணினியான டெஸ்ட் பெஞ்சில் மாட்டி, விண்டோஸ் முகப்புத் திரையை மட்டும் காட்டி 8,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். எந்தக் கார்டும் முகப்புத் திரையைக் காட்டும். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு 18 சதவீதம் கூடுதலாகும் என்றார்கள். கையில் கிடைத்தது "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு. அதில் சீரியல் எண் இல்லை. "டெஸ்டிங் வாரண்டி" என்று மட்டும் கையால் கிறுக்கியிருந்தார்கள். அதே கடையில் கேபினெட்டும் அதனுடன் சேர்த்துத் தரும், கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் வாங்கினேன்.

வீட்டில் கேமைத் திறந்து சற்று நேரம் ஆடியதுமே திரையெங்கும் பச்சையும் ஊதாவுமாகச் சிறுசிறு கட்டங்கள் தோன்றின. சில வேளைகளில் கணினி தானாகவே அணைந்து மீண்டும் தொடங்கியது. கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தபோது, ஷேடர் (கார்டுக்குள் கணக்கிடும் சிறு அலகு) எண்ணிக்கை இருக்கவேண்டிய இடத்தில் 2048 என்று இருந்தது. முழுமையான ஆர்எக்ஸ் 580இல் அது 2304. 2048 என்பது ஒரு படி கீழான ஆர்எக்ஸ் 570இன் எண்ணிக்கை. இது போலிச் சிப் அல்ல. ஏஎம்டி நிறுவனமே 2018இல் சீனச் சந்தைக்காக "580 2048எஸ்பி" என்ற பெயரில் வெளியிட்ட வகைதான். அந்தப் பின்னொட்டை வசதியாக விழுங்கிவிட்டு, 580இன் விலைக்கு விற்பதுதான் மோசடி.

கட்டங்கள் தோன்றியதற்குக் காரணம் வேறு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு மைனிங் செய்வதற்கு முடிவு கட்டியபோது, இரவும் பகலும் ஓடித் தேய்ந்த கார்டுகள் மூட்டை மூட்டையாகப் பழைய சந்தைக்கு வந்து சேர்ந்தன. என் கார்டின் பின்பக்கம், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கைப் பிடித்திருக்கும் நான்கு திருகுகளின் தலையிலும், முன்பே கழற்றி மாட்டியதன் அடையாளமாக, கறுப்புப் பூச்சு உரிந்து உலோகம் பளபளத்தது. நினைவகச் சிப்புகளைச் சுற்றி, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடிலிருந்து கசிந்த எண்ணெய் பிசுபிசுத்தது. "ஃப்ரெஷ் பீஸ்" என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருளோ தெரியவில்லை.

கணினி அணைந்ததற்கு எஸ்எம்பிஎஸ்தான் பொறுப்பு. அதன் ஸ்டிக்கரில் 450 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தாலும், கீழே பொடி எழுத்தில், கார்டுக்கும் பிராசசருக்கும் மின்சாரம் தரும் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் 192 வாட். ஆர்எக்ஸ் 580க்கு மட்டும் 185 வாட் என்று கணக்கு; ரைசன் 5 3600 போன்ற பிராசசருக்கு மேலும் 65 வாட். கார்டுக்குத் தேவையான எட்டு முனை மின் இணைப்பே இல்லாத அந்த எஸ்எம்பிஎஸ்ஸில், பழைய நான்கு முனை இணைப்பிலிருந்து மின்சாரம் எடுக்கும் மோலெக்ஸ் கன்வெர்ட்டர் கேபிளை மாட்டிக் கொடுத்திருந்தார்கள். காசை மிச்சப்படுத்த விரும்புவோர் வேறு எதில் வேண்டுமானாலும் கை வைக்கட்டும், இந்தக் கேபிளை மட்டும் ஏற்கவேண்டாம், சூடேறி உருகக்கூடியது. நண்பரின் தரமான 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டியதும் அணைவது நின்றது, கட்டங்கள் நிற்கவில்லை.

திரும்பக் கொண்டுபோனபோது, "இது எங்க கார்டே இல்ல சார்" என்றார்கள். சீரியல் எண் இல்லாத சீட்டின் பயன் அப்போதுதான் விளங்கியது; அது அவர்களுக்கான பயன். யுபிஐயில் பணம் செலுத்திய பதிவைக் காட்டியதும் சுருதி இறங்கி, பாதி விலைக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை; பில்லில் காலவரை ஏதும் குறிப்பிடாத நிலையில், 30 நாட்களுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை.

வாங்கியே தீரவேண்டும் என்பவர்கள், பணம் கொடுக்கும் முன் கடையின் டெஸ்ட் பெஞ்சிலேயே ஜிபியு-இசட்டைத் திறக்கச் சொல்லி ஷேடர் எண்ணிக்கையைப் பாருங்கள். பிறகு கார்டை முழுச் சுமையில் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளைக் கால் மணி நேரமாவது ஓடவிடச் சொல்லுங்கள். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும்; அதே நிறுவனத்தின் பழைய ஃபெர்மி தலைமுறைச் சிப்புகளின் பயாஸை (கார்டின் அடையாளத்தைச் சொல்லும் உள்மென்பொருள்) மாற்றி அந்தப் பெயரில் விற்கிறார்கள், ஜிபியு-இசட் அவற்றைப் போலி என்றே காட்டிவிடும். கார்டில் பழைய மானிட்டர்களுக்கான நீலநிற விஜிஏ போர்ட் இருந்தால் மென்பொருளைத் திறக்கும் முன்பே சந்தேகப்படலாம். சீரியல் எண்ணைச் சீட்டில் எழுதி முத்திரை வைக்கச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் பேரம் பேசவும் வேண்டாம்.